வெங்காயத் தோல் இல்லாத குப்பை

குப்பை பிரிக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். எது மக்கும், எது மக்காது, எந்தப் பிளாஸ்டிக் விலைக்குப் போகும் என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அஞ்சலையைப் பற்றி. அவளைப் பற்றிச் சொன்னால், இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பையும், சரியென்று இன்றும் நான் நம்புகிற ஒரு காரியத்தையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

திண்டிவனத்தில் பதினைந்து வருடம் தெருக் கூட்டினேன். பத்தாவது வரை படித்தவள், பதிவேடு எழுதத் தெரியும் என்பதால், குப்பை பிரிக்கும் கூடம் திறந்தபோது என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். மேற்பார்வை என்றால் நாற்காலியில் உட்காருவது என்று நினைத்துவிடாதீர்கள். பத்துப் பெண்களோடு பதினோராவது ஆளாக நானும் குப்பை மேட்டின் முன் நின்றேன். எனக்குப் பக்கத்தில் எப்போதும் அஞ்சலை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. தெருக் கூட்டிய காலத்திலேயே நாங்கள் ஜோடி. வாய் ஓயாமல் பேசுவாள். கூடத்துக்கு வந்த பிறகு, பையைப் பிரித்தவுடனே அந்த வீட்டுக் கதையைச் சொல்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. "இந்த வூட்ல மாமியா ஊருக்குப் போயிருக்குக்கா. மூணு நாளா ஓட்டல் பொட்டலம்தான்" என்பாள். "இங்க புள்ளைக்கு அம்மை எறங்கிடுச்சி, வேப்பிலைய எடுத்துப் போட்டாங்க பாரு" என்பாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையை ஓட்டுவோம். வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. விடியற்காலை நாற்றத்தையும், ஈயையும், இடுப்பு வலியையும் நான் மறந்துவிட்டேன். அந்தப் பேச்சை மட்டும் மறக்க முடியவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, வேலைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தையை அவள் அம்மா பார்த்துக்கொண்டாள். வீடு பக்கத்திலேயே என்பதால் பத்து மணிக்கு ஒருமுறையும் ஒரு மணிக்கு ஒருமுறையும் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். பதிவேட்டில் அதை நான் எழுதுவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு ஓர் அதிகாரி கூடத்தைப் பார்க்க வருகிறார் என்று காலையில்தான் சொன்னார்கள். அதற்கு முந்தைய நாள் மழை. மூன்று பேட்டரி வண்டிக் குப்பை அப்படியே தரையில் கிடந்தது, எல்லாம் ஈரம். நான் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். ஜல்தி, ஜல்தி என்று அன்றைக்கு எத்தனை முறை சொன்னேனோ தெரியாது.

கையுறை போட்டுக்கொண்டு ஈரமான கவரைப் பிரிக்க முடியாது, வழுக்கும். வேகமாகச் செய்ய வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அஞ்சலை கழற்றி இடுப்பில் சொருகியிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணி இருக்கும். அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். வாழையிலைத் துண்டில் சுருட்டி வைத்திருந்த ஒரு சின்ன ஊசி, மூடி இல்லாமல், அவள் பெருவிரலுக்குக் கீழே இறங்கியிருந்தது. சர்க்கரை நோய்க்காரர்கள் தாங்களே போட்டுக்கொள்கிற மெல்லிய ஊசி. அதன் குழாய்க்குள் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அது அவள் ரத்தமா, ஏற்கெனவே இருந்த ரத்தமா என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாசல் பக்கம் பார்த்தேன். "கழுவிட்டு வா அஞ்சல, வேல கெடக்குது" என்றேன்.

அவள் கழுவிக்கொண்டு வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி நின்றாள். பத்து மணிக்குக் குழந்தையிடம்கூடப் போகவில்லை, நான் விடவில்லை. அதிகாரி வந்தார், நன்றாக இருக்கிறது என்று சொன்னார், போய்விட்டார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, கூடவே பயமும் வந்தது. அந்த ஊசியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். அஞ்சலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு.

டாக்டரம்மா முதலில் கேட்டது எத்தனை மணிக்குக் குத்தியது என்பதைத்தான். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஐந்து மணி நேரமா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். யாருடைய ஊசி என்று தெரியாததால் எச்.ஐ.வி. வராமல் தடுக்கிற மாத்திரையை உடனே தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். பிறகு அவள் ரவிக்கை நனைந்திருப்பதைப் பார்த்தார். கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். விஷயம் தெரிகிற வரைக்கும் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம், பீய்ச்சிக் கீழே விட்டுவிடு, குழந்தைக்குப் புட்டிப் பால் கொடு என்றார்.

அஞ்சலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எப்ப தெரியும்மா?"

ஊசியின் சொந்தக்காரர் கிடைத்து, அவர் ரத்தத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடலாம், பாலும் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. கிடைக்காவிட்டால் மாதக் கணக்கில் பொறுக்க வேண்டும். அவரை வற்புறுத்தி ரத்தம் எடுக்க முடியாது, அவராக வந்து சம்மதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கூடத்துக்குத் திரும்பி, ஊசி வந்த பை கிடந்த இடத்தைத் தேடினேன். நல்லவேளை, அந்த வண்டிக் குப்பையை உரத் தொட்டிக்குத் தள்ளவில்லை. பையிலிருந்ததை ஒவ்வொன்றாய்ப் பரப்பினேன். பீர்க்கங்காய்த் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, புளிச் சக்கை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை ஓடு. நிறைய இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வெங்காயத் தோல் இல்லை. பூண்டுத் தோல் இல்லை, உருளைக்கிழங்குத் தோல் இல்லை, முட்டை ஓடு இல்லை. நம் ஊர்க் குப்பையில் வெங்காயத் தோல் இல்லாத பை ஆயிரத்தில் ஒன்று. அடியில் ஒரு கொத்து நீளமான தலைமுடியும், வளையல் கடையிலிருந்து வந்த புது அட்டையும் கிடைத்தன.

அந்தக் குப்பை வந்த வண்டியை ஓட்டுகிற தம்பியிடம், உன் தெருக்களில் வெங்காயம் சேர்க்காதவர்கள் யார் என்று கேட்டேன். இரண்டு நயினார் வீடு இருக்கிறது என்றான். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கமே இருக்கிற சமணக் குடும்பங்கள். ஒன்றில் வயதான கணவன் மனைவி இரண்டு பேர்தான். இன்னொன்றில் ஓர் அம்மா, அரிசி வியாபாரம் பார்க்கிற மகன், நாலு மாதத்துக்கு முன் வந்த மருமகள். வளையல் அட்டையைப் பார்த்தேன், எந்த வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். அஞ்சலையும் வந்தே தீருவேன் என்றாள். ராத்திரி முழுக்கக் குழந்தை புட்டியைத் தள்ளிவிட்டு அழுதிருக்கிறது. பக்கத்து அறையில் அதன் அழுகையைக் கேட்டுக்கொண்டு இவள் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொட்டியிருக்கிறாள். மாத்திரை வேறு வயிற்றைப் புரட்டியது. கேட்டருகே அவளை நிறுத்திவிட்டு நான் மட்டும் படியேறினேன். ஊசி இருந்த டப்பா என் கைப்பைக்குள் இருந்தது.

மாமியார் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும், பருத்திப் புடவை, நிதானமான பார்வை. குப்பை பிரிக்கிற இடத்திலிருந்து வருகிறேன் என்றேன். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டேன். "எங்க வூட்ல ஊசி மாத்திரன்னு யாரும் இல்லம்மா" என்றார். பொய் சொல்கிற குரல் இல்லை.

அவருக்குப் பின்னால் மருமகள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். நான் "சர்க்கரை" என்று சொன்னதுமே அவள் கையிலிருந்த செம்பு ஆடித் தண்ணீர் தரையில் சிந்தியது. என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாமியாருக்குத் தெரியாது. ஒருவேளை கணவனுக்கும் தெரியாது. அதனால்தான் ஊசி இலைக்குள் ஒளிந்து வந்திருக்கிறது.

கைப்பையைத் திறந்து டப்பாவை நீட்டினால் போதும். என் விரல் பையின் ஜிப்பில்தான் இருந்தது. நீட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணம் அந்த வாசலிலேயே முடிந்துபோயிருக்கலாம். அல்லது அவள் ஒரேயடியாக இல்லையென்று சாதித்திருக்கலாம், அப்புறம் எந்தக் காலத்திலும் ரத்தம் கொடுக்க வந்திருக்க மாட்டாள். கேட்டருகே அஞ்சலை மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் மாமியாரிடம், ஆனால் உள்ளே கேட்கும்படி, சொன்னேன். எங்கள் பெண் ஒருத்தியை ஊசி குத்திவிட்டது. அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. பால் கொடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். ஊசி யாருடையது என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், பெயர் வெளியே வராது. காலை ஆறு மணியிலிருந்து நான் கூடத்தில் இருப்பேன். தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் அம்மா என்று முடித்துவிட்டு, படியிறங்கி வந்துவிட்டேன்.

அஞ்சலை என்ன ஆச்சென்று கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. யாரும் வரவில்லை. மற்ற பெண்களுக்கு விஷயம் கசிந்துவிட்டது. யாரென்று தெரிந்துகொண்டே சும்மா வந்தாயா, நம் பிள்ளை பட்டினி கிடக்கும்போது பெரிய வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறாயா என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் முடிவு செய்தேன். மறுநாள் டப்பாவோடு போய் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவதென்று. இதை மறைக்க விரும்பவில்லை. என் உறுதி அன்றோடு முடிந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கூடத்தின் வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். மாமியாரும் மருமகளும்.

அந்தப் பெண்ணே வெள்ளிக்கிழமை பகலில் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை. பெண் பார்க்க வந்தபோது அவள் பெற்றவர்கள் மறைத்துவிட்டார்கள். சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்கள். மூன்று நாளாக அந்தக் குழந்தையை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

மாமியார் குப்பை மேட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார். "நாலு மாசமா என் வூட்டு பாத்ரூம்ல நின்னுக்கினு ஊசி போட்டுக்கினு இருந்திருக்கா. கூட இருக்கற எனக்குத் தெரியல. எங்கியோ இருக்கற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

முன்பே சொல்லியிருந்தால் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். "சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனோ என்னமோ" என்றார். "இப்ப யோசிச்சா அது தெரியல. வாங்க, ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்."

மத்தியானத்துக்குள் முடிவு வந்துவிட்டது. ஒன்றுமில்லை. மஞ்சள் காமாலைக் கிருமியும் இல்லை. டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அஞ்சலை ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள், நான் பின்னாலேயே போனேன். குழந்தை நாலு நாளில் புட்டிக்குப் பழகியிருந்தது. மார்பில் சேர்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மறுபடி மறுபடி முயன்றாள். அரை மணி நேரம் கழித்துக் குழந்தை பிடித்தது. நான் வெளியே வந்து அழுதேன்.

அந்த வீட்டு மருமகள் அங்கேயேதான் இருக்கிறாள். வாரம் ஒருமுறை, தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, இறுக்கி மூடி, மேலே சிவப்பு மையில் "ஊசி" என்று எழுதி, மாமியாரே வண்டிக்காரரின் கையில் கொடுப்பார். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அது தவறவில்லை. அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் அப்படிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நீங்களும் உங்கள் தெருக்களில் அந்தப் பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். கையுறையைக் கழற்றாதீர்கள். யார் வந்தாலும், எவ்வளவு குவிந்தாலும், ஊசி குத்தினால் அந்த நிமிடமே வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உங்கள் மேற்பார்வையாளர் கழுவிவிட்டு வா என்று சொன்னால் கேட்காதீர்கள். அதை ஒரு மேற்பார்வையாளராகவே சொல்கிறேன்.

அஞ்சலை அதற்குப் பின் ஒரு மாதம்தான் வந்தாள். என் பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் பைகளைப் பிரித்துக் கதை சொல்வது நின்றுபோயிற்று. ஒருநாள் அவள் அம்மா வந்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் புதுச்சேரியில் வேலை, கண்டமங்கலத்துக்குக் குடி போகிறார்கள் என்றாள். அவள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. போன் நம்பர் மாறிவிட்டது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எப்போது போனாலும் புதுச்சேரி பஸ் நிற்கிற பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவேன். யாராவது சத்தமாகச் சிரித்தால் திரும்பிப் பார்ப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருடம்தான் துணிந்தேன். அவள் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கண்டமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வாய் ஓயாத பெண், அம்மாவைப் போலவே. அஞ்சலை பழைய ஆட்களையெல்லாம் பெயர் சொல்லி விசாரித்தாள். அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

கிளம்பும்போது நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கி நான் கழுவிட்டு வான்னு சொல்லிட்டேன் அஞ்சல. அந்த அஞ்சு மணி நேரம் எனக்கு இன்னும் தீரல."

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "அப்பிடியா சொன்ன? எனக்கு ஞாபகமே இல்லக்கா. நானும்தான கழுவிட்டு வந்து நின்னேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த வூட்டு வாசல்ல நீ பேசாம திரும்பி வந்த பாரு, அதுதான். செம்புத் தண்ணி சிந்துனத கேட்டாண்ட இருந்து நானும் பாத்தேன். உனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு எனக்குத் தெரியும். மூணு நாளு, அக்கா. நீ பண்ணது சரிதான். அந்தப் பொண்ணு நல்லா இருக்கான்னு கேட்டா எனக்கும் சந்தோசம்தான். ஆனா அதுக்கப்புறம் உன் பக்கத்துல நின்னுக்கினு எனக்குப் பேச வரல."

அந்த வாசலில் இன்றைக்கு நின்றாலும் நான் அப்படித்தான் படியிறங்கி வருவேன். ஆனால் கேட்டருகே நிற்கிறவளிடம் முதலில் போய், நான் பார்த்ததைச் சொல்லியிருப்பேன். ஏன் பேசவில்லை என்று சொல்லி, அவளையும் அந்த முடிவில் சேர்த்துக்கொண்டிருப்பேன். அவள் மறுத்திருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம். அந்த மூன்று நாளும் அவள் தனியாக இருந்திருக்க மாட்டாள். எனக்கு அது அன்று தோன்றவில்லை. ஆறு வருடம் தப்பான இடத்தில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அஞ்சலை வந்தாள். மகளும் கூடவே வந்தாள், வழியெல்லாம் அதுதான் பேசியது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை வருகிறது, கண்ணாடியைச் சாத்திக்கொள் அக்கா என்று அஞ்சலை கீழே நின்று சொன்னாள். பஸ் நகர்ந்ததும் கையை உயர்த்திவிட்டு, மகளின் தலையில் முந்தானையைப் போட்டு இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். சாரல் உள்ளே அடித்தது. விழுப்புரம் வருகிற வரைக்கும் நான் கண்ணாடியைச் சாத்தவில்லை.